பின்வழிக் கதவில் புதுப் பூட்டு

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. குப்பைத் தொட்டியையும் சைக்கிளையும் தெருவுக்குக் கொண்டுவர, பக்கத்து ஓரவீட்டின் தோட்டத்து நடைபாதைதான் வழி. 2014இல் வாங்கிய நாள் முதல் அப்படித்தான். தோட்டக் கோடியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பழைய செங்கல் ஷெட். அதில் பாதியை நாங்கள் புழங்குகிறோம். புல்வெட்டி முதல் பொங்கல் அண்டா வரை அங்கேதான். ஓரவீட்டுக்குப் புதிதாக வந்தவர் போன மாதம் நடைபாதைக் கதவில் பூட்டுப் போட்டுவிட்டார். ஷெட்டும் தன்னுடையது என்கிறார். "தயவுசெய்து அனுமதியுங்கள்" என்று என் கணவர் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா?

– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கொடுக்காதீர்கள். பணிந்து கேட்டால் காரியம் நடக்கும் என்பது நம் ஆட்களின் பழக்கம். இந்த விஷயத்தில் 'அனுமதி' என்ற அந்த ஒரு சொல் உங்களுக்கே வினையாகிவிடும்.

இங்கிலாந்துச் சட்டப்படி, பத்திரத்தில் எழுதாத வழியும் 20 வருடம் தொடர்ந்து புழங்கினால் உரிமையாகலாம். அடாவடியாகவோ, ஒளித்து மறைத்தோ, அனுமதி வாங்கியோ புழங்கியதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அனுமதி வாங்கி நடந்த வழியை, கொடுத்தவர் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். 2014இலிருந்து 20 வருடம் ஆகவில்லையே என்று கலங்க வேண்டாம். உங்களுக்கு முன் இருந்தவர்களும் அதே வழியில் போயிருந்தால் அந்த வருடங்களும் சேரும். வீட்டை விற்றவரையோ தெருவில் நெடுநாளாக இருக்கும் முதியவரையோ பிடித்து, எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் படத்தில் பின்னால் அந்தக் கதவு திறந்து கிடந்தால் அதுவும் பயன்படும்.

ஆனால் முதல் வேலை வேறு. சொத்து யார் பெயரில் என்று பதிந்துவைக்கும் அரசு அலுவலகமான லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையதளத்தில் பதிவேட்டு நகல் 7 பவுண்டு, வரைபடம் இன்னொரு 7 பவுண்டு. உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, ஓரவீட்டுக்கும் சேர்த்து எடுங்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அடுத்த வீட்டார் கடந்துபோகும் உரிமை பற்றி அவர் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் 20 வருடக் கணக்கே தேவையில்லை. பூட்டு இருந்தாலும் உங்களுக்கு ஒரு சாவியாவது தந்தாக வேண்டும்.

வரைபடத்தின் சிவப்புக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்து சண்டைக்குப் போகாதீர்கள். அது எல்லையைப் பொதுவாகக் காட்டுமே தவிர, ஷெட் சுவர் யாருடையது என்று அங்குலக் கணக்கில் சொல்லாது. அதைவிட ஷெட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் கரி வைக்கவும் கழிப்பறைக்கும் இரண்டு வீட்டுக்குமாக ஒரே கூரையில் கட்டியவை உண்டு. நடுவில் பழைய தடுப்புச்சுவர் இருந்தால் உங்கள் பேச்சுக்குக் கொஞ்சம் பலம். இல்லையென்றால், உண்மையைச் சொல்கிறேன், ஷெட்டில் உங்கள் பக்கம் பலவீனம்தான். நிலம் அவர் பெயரில் இருந்தால், பத்து வருடம் சாமான் வைத்திருந்தோம் என்று லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அவருக்குத் தகவல் போகும், அவர் மறுத்தால் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

சும்மா மட்டும் இருந்துவிடாதீர்கள். பூட்டை ஒரு வருடம் பொறுத்துக்கொண்டால், 20 வருடக் கணக்கு அறுந்துபோனதாக வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள். "நாங்களும் எங்களுக்கு முன்பிருந்தவர்களும் உரிமையாகப் புழங்கிய வழி இது. பூட்டை நாங்கள் ஏற்கவில்லை" என்று இந்த வாரமே தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். தபாலில் போடாமல் நேரில் போய்க் கொடுத்து, இரண்டு வார்த்தை சிரித்தும் பேசுங்கள். புதிதாக வந்தவருக்கு இந்த வழி விஷயமே யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அப்புறம் பேரம். நானாக இருந்தால் ஷெட்டை விட்டுக்கொடுத்து, வழியுரிமையை சொலிசிட்டர் (வழக்கறிஞர்) மூலம் பத்திரமாக எழுதி, லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிந்துகொள்வேன். பதிந்துவிட்டால் நாளை அந்த வீட்டை யார் வாங்கினாலும் அவர்களையும் கட்டுப்படுத்தும். அவருக்கும் இதில் லாபம் உண்டு: வீட்டை விற்கும்போது அண்டை வீட்டுத் தகராறு உண்டா என்று படிவத்தில் கேட்பார்கள், மறைக்க முடியாது. ஒருவேளை அவர் மசியாவிட்டால், கோர்ட்டுக்கு முன் உங்கள் வீட்டு இன்சூரன்ஸில் சட்டச் செலவுக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். அண்டாவை மாடிப்படிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.