அது எதற்காக அங்கே வருகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. போன வருடம் தவணையில் ஒரு கேமராவும் தூரத்தில் இருப்பதை எடுக்க 150-600 லென்சும் வாங்கினேன். நண்பர்களோடு கபினி, பந்திப்பூர் எல்லாம் போய்வந்தேன். சஃபாரிக்குக் கொடுத்த காசுக்கு மயிலும் புள்ளிமானும்தான் கிடைத்தன. நம் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும், காட்டுயிர்ப் படம் எடுக்க உங்களுக்குப் பிடித்த இடங்கள் எவை? இந்த லென்ஸ் போதுமா? அஞ்செட்டி காட்டுக்குள் பைக்கில் கூட்டிப்போக ஒருவர் இருக்கிறார், போகலாமா? பாரூர் ஏரியில் எந்தக் கரையில் நிற்பது நல்லது? சானமாவு பக்கம் ஏரியில் நின்ற யானைக் கூட்டத்தை எடுத்த படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் நிறைய பேர் பாராட்டினார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ச., காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பி,

அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன். ராகி கதிர் பிடிக்கிற பருவம் வந்தாலே எனக்கு இந்த யானைகள் நினைப்புதான். அந்த நேரம் பார்த்து உன் படம் வந்தது.

லென்ஸ் போதும். மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். 1996-இல் காலமாகும்வரை காட்டுயிர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டி, அதற்கு சூப்பர் பாண்டெரோசா என்று பெயரும் வைத்து, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். உன்னிடம் இருப்பது அதைவிட எத்தனையோ மடங்கு வசதியான கருவி. லென்ஸ் பேச்சு இத்தோடு முடிந்தது.

அஞ்செட்டிக்குப் பைக்கில் போகாதே. அந்தப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். 2014-இல் காவேரி வடக்கு, 2022-இல் காவேரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவித்திருக்கிறார்கள், இரண்டும் நம் இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கின்றன. உள்ளே போய்ப் படம் எடுக்க 1972 வனவிலங்குச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். உன்னைக் கூட்டிப்போகிற ஆள் மாட்டினால் அவருக்கு அபராதம், உனக்கு வழக்கு. மாட்டாவிட்டாலும், மூங்கில் புதருக்குப் பின்னால் நிற்கிற ஒற்றை ஆண் யானைக்கு நீ யாருடைய ஆள் என்று தெரியாது.

சரி, இடங்கள். ஒகேனக்கல் எனக்குப் பிடிக்கும், ஆனால் அருவிப் பக்கம் இல்லை. ஆற்றோரத்தில் நீர்மருத மரங்கள் கிளையோடு கிளை பின்னி நிற்கிற பகுதி. சாம்பல் நிற மலை அணில் அங்கே இருக்கிறது. அது தரைக்கு இறங்குவது அபூர்வம். மரம் விட்டு மரம் தாவித்தான் போகும், கூட்டையும் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் கட்டும், ஆபத்து வந்தால் எந்தப் பக்கமும் ஓட வழி வேண்டும் அல்லவா. அதனால் அணிலைத் தேடாதே, கிளைகள் சேரும் இடத்தைத் தேடு. பெரிய இலைக் குவியல் ஒன்று உயரத்தில் தெரிந்தால் அதற்கு எதிரே சத்தமில்லாமல் உட்கார். நீர்நாய்களும் முதலைகளும் எந்தப் பாறைக்கு எப்போது வரும் என்பதைப் பரிசல் ஓட்டுகிறவர்களிடம் கேள், அவர்களுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது.

இப்படியே இன்னும் நாலு இடம் சொல்லலாம். சொல்ல மாட்டேன். எங்கே, எங்கே என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அது எதற்காக அங்கே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. உன் ஊரில் ஒரு ஆலமரம் இருக்கும், இல்லாவிட்டால் அத்தியோ இச்சியோ இருக்கும். ஆலமரங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் பழுப்பதில்லை, ஒன்று தையில் பழுத்தால் பக்கத்து ஊர் மரம் ஆனியில் பழுக்கும். உன் ஊர் மரம் எப்போது பழுக்கும் என்று மரத்தடியில் டீக்கடை வைத்திருக்கிறவருக்குத் தெரியும், உனக்குத் தெரியுமா? பழுத்த முதல் வாரத்தில் பச்சைப்புறா, குக்குறுவான், குயில், மைனா, சின்னான் எல்லாம் விடியும் முன்பே வந்துவிடும், இருட்டினால் பழந்தின்னி வௌவால். எதிர் வீட்டு மொட்டை மாடியில் இடம் கேட்டு வாங்கினாயானால் கிளைக்கு நேர் மட்டத்தில் படம் கிடைக்கும். முள்ளிலவு பூக்கிற மாதத்தில் மரத்தில் இலையே இருக்காது, சிவப்புப் பூவும் அதில் தேன் குடிக்கிற கரிச்சானும் மைனாவும் மட்டும்தான். கபினியில் ஒரு ஜீப்புக்குக் கொடுத்த பணத்தில் உன் ஊரில் ஒரு வருடம் படம் எடுக்கலாம்.

இப்போது உன் சானமாவு படம்.

நல்ல வெளிச்சம், கூர்மையாக இருக்கிறது, நிறைய பேர் பாராட்டியதில் ஆச்சரியமில்லை. ஆனால் நீ எடுத்தது என்ன என்று நீயே ஒருமுறை பெரிதாக்கிப் பார். கூட்டம் தண்ணீருக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிறது. குட்டி இரண்டு பெண் யானைகளுக்கு நடுவே சிக்கியதுபோல் இருக்கிறது, தலையின் மேல்பகுதியும் தும்பிக்கை நுனியும் மட்டும்தான் வெளியே தெரிகின்றன. முன்னால் நிற்கும் யானையின் காது இரண்டும் விரிந்திருக்கின்றன. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பியிருக்கின்றன, கரைப் பக்கம், உன் பக்கம். படத்தின் இடது ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, கையில் செல்போன். அதை வெட்டிவிட மறந்துவிட்டாய். மறந்தது நல்லதாய்ப் போயிற்று, உன் படத்தில் உண்மை பேசுவது அந்தக் கை ஒன்றுதான். அந்த யானைகள் குளிக்கவில்லை தம்பி. கரையில் நின்ற ஊர்ச் சனத்துக்கும் உங்கள் கேமராக்களுக்கும் பயந்து தண்ணீருக்குள் ஒதுங்கி நிற்கின்றன.

ஐப்பசி வாக்கில் பெங்களூருக்கு அருகே உள்ள பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வருகிற கூட்டங்கள் இவை. ராகி பால் பிடிக்கிற சமயம் அது. சானமாவு ஒரு சின்னக் காப்புக்காடு, சுற்றிலும் ராகி, தக்காளி, முட்டைகோஸ், அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. பகலில் காட்டில் படுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் போடூர்பள்ளம் காட்டுப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருக்கும். வளர்ந்த யானை ஒரு நாளில் 150 கிலோ வரை தின்ன வேண்டும், அதற்காகவே நாளின் பெரும்பகுதி நடக்கிறது, மேய்கிறது. விடியும் முன் காட்டுக்குத் திரும்ப முடியாமல் வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிற கூட்டம் ஏரிக்குள் இறங்கும். நீங்கள் கரையைச் சூழ்ந்து நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது தின்னாமல் நிற்கிற நேரம். இருட்டினதும் அந்தப் பசியும் கோபமும் யார் வயலில் இறங்கும்? கேமரா வைத்திருக்கிறவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விடுவான். ராகி போட்டவன் அங்கேதான் இருப்பான். வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பையன்கள்தான், உங்கள் கூட்டத்தை விலக்கிவிட்டு அப்புறம் யானைகளை விரட்ட வேண்டியிருக்கிறது. யானையைவிட உங்களை நகர்த்துவதுதான் கஷ்டம் என்று அவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

என் பெரியப்பாவுக்கு தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே காட்டோரத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. பள்ளி விடுமுறையில் அவரோடு காவல் பரணில் படுத்திருக்கிறேன். கம்பளி, ஒரு டார்ச், தட்ட ஒரு பழைய எண்ணெய் டின். ஒரு ராத்திரி அவர் என் தோளை அழுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. பரணுக்கு மிக அருகில் ஏதோ ஒன்று ராகித் தாளைக் கொத்தாகச் சுருட்டி இழுக்கிறது, வேர் மண்ணோடு பிய்ந்து வருகிற சத்தம், அப்புறம் தப், தப் என்று இரண்டு அடி, அப்புறம் மெல்லுகிற சத்தம். மறுபடி இழுப்பு, மறுபடி தப், தப். நிலா மேகத்திலிருந்து வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். பிடுங்கிய கொத்தைத் தன் முன்னங்காலில் அடித்து மண்ணை உதறிவிட்டுத்தான் வாயில் வைத்தது. நான் டின்னை எடுக்கப் போனேன். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாத பாப்பா. ஒண்டி ஆனை. வயித்துக்கு வந்திருக்கு, தின்னுட்டுப் போயிடும்" என்றார். வருடம் முழுக்கப் பாடுபட்ட வயல் அது. காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு மூலை முழுவதும் மொட்டையாக இருந்தது. அவர் பிடுங்கிப் போட்ட தாள்களைப் பொறுக்கிக் கட்டி மாட்டுக்குப் போட்டார், ஒன்றும் பேசவில்லை. எல்லா விவசாயியும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. நட்டப்பட்டவன் கொதிப்பது நியாயம்.

அந்தக் கொதிப்பு எங்கே போய் முடிகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் வயலைச் சுற்றிக் கட்டிய கம்பியில் சட்டவிரோதமாகப் பாய்ச்சிய மின்சாரம் தாக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்து அந்த உடல்களைச் சுற்றிச் சுற்றி நின்றன. அதே மாதம் கம்பைநல்லூர் பக்கம் ஓர் ஆண் யானை ஏரிக்கரையில் ஏறியபோது மின்கம்பியில் பட்டு இறந்தது. காட்டை விட்டு அவ்வளவு தூரம் அது ஏன் வந்தது, ஒவ்வொரு ஊரிலும் யார் யார் விரட்டினார்கள், பின்னால் எத்தனை பேர் செல்போனோடு ஓடினார்கள் என்று யோசித்துப் பார். ஊருக்குள் வந்த யானையின் பின்னால் ஓடுகிற ஒவ்வொருவனும் அதை அடுத்த ஊருக்குத் தள்ளுகிறான். கேமராவின் விலை கூடினால் இது குறைந்துவிடாது. 150-600 லென்சோடு ஓடினாலும் ஓட்டம்தான், தூரத்திலிருந்து எடுத்தேன் என்று நீ சொல்லலாம், கூட்டத்தில் உன் தலையும் ஒன்று, அந்த யானைக்கு நீயும் கரையில் நிற்கிற சுவரில் ஒரு கல். உன் படத்தைப் பார்த்து மறுநாள் அதே ஏரிக்கு வந்தவர்களும் இருப்பார்கள், ஊர் பேர் போட்டுத்தானே பதிவு போட்டாய்? முதலில் அதை எடு. படம் இருக்கட்டும், ஊர் பேர் வேண்டாம். நாளைக்கு யானை வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் போகாதே. யாரையும் கூட்டிப்போகாதே. யாராவது கேட்டாலும் சொல்லாதே.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம்தான், ஆனால் உன் மேல் மட்டும் இல்லை. ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் விடியற்காலையில் கேமராவைத் தூக்குகிற பையன் நீ. உன்னைப் போன்ற உள்ளூர்க்காரன்தான் எடுக்க முடியும் என்று சில படங்கள் இருக்கின்றன. யானை போன மறுநாள் காலை அந்த ராகி வயலுக்குப் போ, விவசாயியிடம் கேட்டுவிட்டு உள்ளே இறங்கு. ஈர மண்ணில் கால் தடம் இருக்கும், விரல் நகங்களின் அச்சு கூடத் தெரியும். பிடுங்கி உதறிய தாள்கள் கிடக்கும், எந்த இடத்தில் நின்று எந்தப் பக்கம் திரும்பித் தின்றது என்பது வரை தெரியும். அந்த மனிதரின் முகத்தையும் எடு, அவர் சம்மதித்தால். இழப்பீட்டுக்கு அவர் மனு போடும்போது உன் படங்கள் அவருக்கு உதவவும் செய்யும். பெங்களூரிலிருந்து வருகிற எந்தக் கேமராக்காரனுக்கும் அந்த வயலுக்குள் நிற்க நேரம் கிடையாது.

அப்புறம், பாரூர் ஏரி கேட்டிருந்தாய். காலையில் போனால் கிழக்குக் கரை, வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கும். தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி தளும்பும்போது எல்லோரும் போவார்கள், நீ அப்போது போகாதே. தண்ணீர் வடிந்து ஓரத்தில் சேறு தெரிகிற வாரங்களில் போ, வலசை வருகிற உள்ளான் பறவைகளுக்கு அந்தச் சேற்றுக்குள்தான் புழு. சேற்றுக்கு அருகில் குப்புறப் படுத்துக்கொள், பழைய சட்டை போட்டுக்கொண்டு போ. எடுத்த படங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா