ஏணிப் பரண் வாங்கிய தம்பிக்கு

தம்பி, உங்கள் நீண்ட கேள்வியைப் படிக்கிறவர்களுக்காக முதலில் சுருக்கிவிடுகிறேன். மிச்சிகனில் நோவைக்குக் குடிவந்திருக்கிறீர்கள், எச்-1பி விசா. உடன் வேலை செய்பவர் ஜாக்சன் பக்கம் இருக்கும் தன் குடும்பப் பண்ணைக்கு மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார். ஆர்வத்தில் 15 அடி ஏணிப் பரண் (மரத்தில் சாய்த்துக் கட்டி, மேலே உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்கும் ஏணி வைத்த இருக்கை), விழுந்தால் தாங்கும் உடல் பட்டையான ஹார்னஸ், விசையை இழுத்து அம்பெய்யும் குறுக்குவில் எல்லாம் வாங்கியாகிவிட்டது. பெட்டிகள் கராஜில் கிடக்கின்றன. அக்டோபர் 1 அன்று வில் பருவம் தொடங்குவதற்குள் எதை எப்படிச் சோதிப்பது, நண்பர் மலிவாகத் தரும் இன்னொரு பழைய பரணை வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே வேட்டை உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்த சான்று வேண்டும். நீங்கள் வாங்கியிருப்பது குறுக்குவில் என்பதால் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் உங்களைத் தொடாது. நவம்பர் 15-இல் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்போது நண்பர் தன் துப்பாக்கியை உங்கள் கையில் கொடுத்தால் மட்டும் கவனம். எச்-1பி போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பச்சை அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறவர், அந்த விலக்கை நம்பி இறங்கும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுவது நல்லது.

இனி பரண். உங்கள் நண்பர் எல்லாவற்றையும் சொல்லித் தருவார் என்று நம்பாதீர்கள். அவர் நல்ல மனிதராகவே இருப்பார். ஆனால் சிறு வயதில் அப்பாவின் பின்னால் மரமேறிப் பழகியவர், தான் எதைச் செய்கிறோம் என்று யோசிக்காமலே செய்வார். யோசிக்காமல் செய்வதைச் சொல்லித் தர வராது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் வளர்ந்த நமக்கோ இதில் ஒரு அரிச்சுவடியும் கிடையாது.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஹார்னஸைப் பிரியுங்கள். உருமறைப்பு உடுப்பும் தொலைநோக்கியும் பிறகு வரட்டும். ஆகஸ்டு வெயிலில் பனியன் மேல் மாட்டிப் பார்த்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நவம்பரில் நீங்கள் போடப்போகும் கனத்த குளிர்ச்சட்டை, இரட்டைக் கால்சட்டை, கையுறை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, அதன் மேல் ஹார்னஸை மாட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. தொடைப் பட்டை எட்டுகிறதா, கையுறையோடு கொக்கியைப் பூட்ட முடிகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு அதையே கராஜ் விளக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே வேட்டை நேரம் தொடங்கிவிடுகிறது. அதற்குள் பரணில் அமர்ந்திருக்க வேண்டுமானால் இருட்டில்தான் மாட்டியாக வேண்டும்.

அடுத்தது தொங்கிப் பார்ப்பது. இதைத் தனியாகச் செய்யாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். உறுதியான மரத்தில் ஹார்னஸின் பட்டையைக் கட்டி, பாதம் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் எழும்பும்படி முழு எடையையும் ஹார்னஸில் விடுங்கள். தொடைப் பட்டை இறுக்கி, காலில் இரத்த ஓட்டம் தடைபடுவதை விரைவிலேயே உணர்வீர்கள். விழுந்தவர் அடிபடாமல் தொங்கிக்கொண்டிருந்தாலும் அசையாமல் தொங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதற்காகத்தான் ஹார்னஸோடு ஒரு சிறு பட்டை வருகிறது: அதை வளையமாக்கிப் பாதத்தை ஊன்றி நின்றால் தொடை இறுக்கம் தளரும். பெட்டியிலிருந்து எடுத்ததும் அது எதற்கென்று தெரியாமல் பலர் தூக்கி எறிவது இந்தப் பட்டையைத்தான். உங்களுடையது எந்தப் பையில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். கைப்பேசியும் விசிலும் தொங்கும் நிலையில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். முதுகுப்பையில் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

லைஃப்லைன் வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை. வாங்குங்கள். மேலே உட்கார்ந்த பிறகு மரத்தோடு கட்டிக்கொண்டால் போதும் என்பது பரவலான நினைப்பு. ஆனால் விழுபவர்களில் பலர் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியிலும்தான். லைஃப்லைன் பரணுக்கு மேலிருந்து மரத்தின் அடிவரை தொங்கும் கயிறு. அதில் சுற்றியிருக்கும் ப்ரூசிக் முடிச்சு கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் பிடித்துக்கொள்ளும். தரையிலேயே அதில் கொக்கியை மாட்டிக்கொண்டு, ஏற ஏற முடிச்சைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டே போகலாம். உட்கார்ந்த நிலையில் கயிறு தொய்யாமல் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏணிப் பரணைப் புல்தரையில் படுக்கவைத்தே முழுதாகக் கோத்துப் பாருங்கள். ஒரு போல்ட் குறைவாக இருப்பது பண்ணையில் தெரிவதைவிட வீட்டு வாசலில் தெரிவது மேல். இருக்கைப் பகுதியைப் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். உலோகம் உலோகத்தோடு உரசும் இடமெல்லாம் கிறீச்சிடும். நைலான் வாஷரும், ஹாக்கி மட்டையில் சுற்றும் துணி டேப்பும் அதைத் தீர்த்துவிடும். எடை வரம்பைப் பாருங்கள், பொதுவாக 300 பவுண்டு. உடுப்பு, பை, வில் எல்லாம் அதில் சேர்த்தி. நிமிர்த்தி மரத்தில் சாய்க்க மூன்று பேர் வேண்டும். இருவர் போதும் என்று நண்பர் சொன்னால் கேட்காதீர்கள்.

மரத்தைப் பற்றி ஒன்று. 2002-இல் டெட்ராய்ட் பக்கத்தில்தான் ஆஷ் மரத்தைத் துளைக்கும் மரகத நிற வண்டு வட அமெரிக்காவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. அது தின்று தீர்த்த ஆஷ் மரங்கள் தெற்கு மிச்சிகன் தோப்புகளில் இன்னும் மொட்டையாக நிற்கின்றன. நேராக, பரணுக்கென்றே வளர்ந்ததுபோல இருக்கும், உள்ளே மட்கியிருக்கும். உயிருள்ள ஓக், மேப்பிள் பாருங்கள். இலை உதிர்வதற்கு முன்பே போய்ப் பாருங்கள், இலை இல்லாத காலத்தில் செத்த மரமும் உயிருள்ள மரமும் புதியவர் கண்ணுக்கு ஒன்றுதான். அரசு நிலத்தில் பரண் வைப்பதானால் விதிகள் வேறு: செப்டம்பர் 1-க்கு முன் வைக்கக் கூடாது, உங்கள் அடையாளம் அதில் எழுதியிருக்க வேண்டும், மரத்தில் திருகு ஏற்றக் கூடாது.

குறுக்குவில்லைப் பரணுக்குக் கயிறு கட்டித்தான் ஏற்ற வேண்டும், அம்பு பூட்டாமல். தரையில் நின்று பழகுபவர் மறப்பது அதன் அகலத்தை. பரணில் உட்கார்ந்து பக்கவாட்டில் திருப்பும்போது வில்லின் கை மரத்திலோ முன்கம்பியிலோ இடிக்கும். நண்பரின் பண்ணையில் பரண் நின்றதும், அம்பில்லாமல் எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்துவிடுங்கள். குறி பழக வீட்டுக் கொல்லையை நம்பாதீர்கள். பல புறநகர் நகராட்சிகள் தடை செய்திருக்கின்றன. பாண்டியாக் ஏரிப் பூங்காவில் வில் பயிற்சித் திடல் உண்டு, குறுக்குவில்லுக்கு இடமுண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வேட்டைக்கான பிராட்ஹெட் என்னும் அகன்ற, கூரான அம்பு முனை, பயிற்சி முனை போன இடத்துக்கே போகும் என்று எண்ண வேண்டாம். ஒரு பிராட்ஹெட்டைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி எய்து பாருங்கள். கூரானவை மூடிய தூணியில் இருக்கட்டும்.

சாமான்களை அடுக்க நான் மூன்று குவியல்தான் வைப்பேன்: மரத்திலேயே இருப்பவை, உடம்பில் இருப்பவை, கயிற்றில் ஏறுபவை. எந்தக் குவியலிலும் சேராத பொருள் வீட்டில் இருக்கட்டும். புதியவர்களின் பையில் பாதி அப்படிப்பட்டதுதான். உடுப்புகளை மணமில்லாத சோப்பில் துவைத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். கராஜின் பெட்ரோல் நாற்றம் ஒரு பக்கம் என்றால், நம் வீட்டில் பெருங்காயத் தாளிப்பு இன்னொரு பக்கம். சமையலறையை ஒட்டிய அலமாரியில் அந்தச் சட்டையைத் தொங்கவிட்டால், காற்று வாக்கில் நிற்கும் மானுக்கு நம் வீட்டுச் சாம்பார் தெரிந்துவிடும்.

பழைய பரண் விஷயம். இரும்பில் துருவும் வெடிப்பும் வளைவும் இல்லையென்றால் வாங்கலாம். பட்டைகளை மட்டும் வாங்காதீர்கள். வருடம் முழுவதும் மரத்திலேயே கிடந்த ராட்செட் பட்டை (பரணை மரத்தோடு இறுக்கிப் பூட்டுவது) வெயிலில் நைந்திருக்கும், அணில் கடித்திருக்கும், மரம் பருத்து இறுகியுமிருக்கும். இரண்டு பருவத்துக்கு ஒருமுறை புதிது போட்டுவிடுவது என் வழக்கம். பழைய ஹார்னஸை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் தைத்த சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தச் சொல்வதில்லை, ஒருமுறை விழுந்தவரைத் தாங்கிய ஹார்னஸை மறுபடி பயன்படுத்தவே கூடாது. நண்பர் கேட்கும் விலையில் புதுப் பட்டைகளின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.