எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டா ட்ரெய்னிங் நல்லா போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: ஒரு தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸ்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கிற பொறுப்புல இருக்கேன். சிபிஆர் (இதயம் நின்னு போனவங்களுக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சு குடுத்து காப்பாத்துற முறை) கிளாஸ் முடிஞ்சதும் "உங்க கான்ஃபிடன்ஸ் எவ்ளோ, 1லேர்ந்து 5க்குள்ள போடுங்க"ன்னு ஃபார்ம் குடுப்போம். எல்லாரும் 4, 5தான். மேனேஜ்மென்ட்டுக்கும் திருப்தி. இது போதுமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போதாது சிஸ்டர், ஆனா அதுக்காக ஃபார்மை தூக்கிப் போட்டுடாதீங்க. நைட் டூட்டில பேஷண்ட் திடீர்னு மூச்சுபேச்சு இல்லாம போனா டாக்டர் வரட்டும்னு நிக்காம உடனே அமுக்க ஆரம்பிக்க தைரியம் வேணும், வேலை தெரிஞ்சும் தயங்குறவங்க உண்டு, அதனால கான்ஃபிடன்ஸ அளக்குறது தேவைதான்.

ஆனா கை என்ன பண்ணுதுன்னு அந்த மார்க் சொல்லாது. பெரியவங்களுக்கு நெஞ்சு 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் அமுங்கணும், நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை, ஒவ்வொரு தடவையும் முழுசா மேல வரவிடணும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலயே கை சோர்ந்து ஆழம் குறைஞ்சிடும், அமுக்குறவங்களுக்கு அது பெரும்பாலும் தெரியாது, அதான் 2 நிமிஷத்துக்கு ஒருதடவை ஆள் மாத்த சொல்றாங்க. டாக்டர்கள் தங்களைத் தாங்களே எவ்ளோ சரியா எடை போடுறாங்கன்னு பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்து 2006ல ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ரொம்ப தப்பா கணிச்சவங்கள்ல திறமை கம்மியானவங்களும் இருந்தாங்க, ரொம்ப கான்ஃபிடன்ட்டா இருந்தவங்களும் இருந்தாங்க.

அதனால ஃபார்மையும் பொம்மைல செஞ்சு காட்டுற டெஸ்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 5 போட்டும் ஆழம் பத்தாதவங்கதான் முதல் கவலை. 2 போட்டு கை சுத்தமா இருக்கிறவங்களுக்கு மறுபடி கிளாஸ் வேண்டாம், நாலு பேர் முன்னாடி செய்ய வாய்ப்பு குடுத்தாலே போதும்.

கேள்வியையும் மாத்துங்க. "சிபிஆர் வருமா"ன்னு பொதுவா கேக்காம "மாஸ்க் ஓரத்துல காத்து லீக் ஆகாம அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்கிற பை) புடிப்பீங்களா"ன்னு கேளுங்க. இன்னொண்ணு, கிளாசுக்கு முன்னாடி தனக்கு தெரியாதது என்னன்னே தெரியாம 4 போட்டிருப்பாங்க, கத்துக்கிட்டப்புறமும் அதே 4 வரும், ஒண்ணுமே ஏறலைன்னு தோணும். கடைசில ஒரே ஃபார்ம்ல "வந்தப்போ எப்படி இருந்தீங்க, இப்போ எப்படி"ன்னு ரெண்டையும் கேட்டா அந்த குழப்பம் குறையும்.

சில மாசத்துலயே கை மறந்துடும், அதனால மூணு மாசம் கழிச்சு வார்டுலயே பொம்மைய வெச்சு இன்னொரு தடவை பாருங்க. ஃபார்ம்ல பேர் வேண்டாம், பேருக்கு பதிலா ஒரு கோட் நம்பர் போதும், அந்த ஃபார்மும் இன்சார்ஜ் கைக்கு போகக்கூடாது, போகும்னு தெரிஞ்சா எல்லாரும் 5தான் போடுவாங்க.