குட்டி முதலையா, பொறிவண்டா? – கேள்வி பதில்

கேள்வி (வெலிமடை): ஐயா, போஞ்சி இலையில் கறுப்பாக, முதுகில் செம்மஞ்சள் புள்ளிகளோடு முள்முள்ளான புழுக்கள் ஊர்கின்றன. நேற்றுப் பத்துப் பதினைந்தை நசுக்கிவிட்டேன். மிச்சத்துக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அடடா! சம்பளம் கேட்காத வேலையாட்களை அல்லவா நசுக்கிவிட்டீர்கள்? அவை பொறிவண்டின் புழுக்கள். தாய் உருண்டையாக, சிவப்பாக, பார்க்க இலட்சணமாக இருக்கும். பிள்ளையோ குட்டி முதலை. அந்த முகவெட்டுதான் அதற்கு எமன்.

அதே இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் அழுக்கணவன், அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, அப்பிக்கிடக்கும். பொறிவண்டின் புழு அதில் ஒன்றைக் கவ்வும், சாற்றை உறிஞ்சும், சக்கைத் தோலை உதறிவிட்டு அடுத்ததற்கு நகரும். கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும். பசி முற்றினால் உடன்பிறந்தவர்களையும் விடாது. பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில், குறுணை அரிசியை நட்டுவைத்ததுபோல் முட்டைகள் நிற்கலாம். முட்டை வண்டாக மூன்று நான்கு வாரங்கள் ஆகும். குளிரில் இன்னும் தாமதிக்கும். இப்போது மருந்து அடித்தால் இரண்டு கூட்டமும் சாகும். ஆனால் அழுக்கணவன்தான் முதலில் திரும்பி வரும், அதுவும் காவலில்லாத வயலுக்கு.

கேள்வி (நுவரெலியா): பொறிவண்டு நல்லது என்கிறீர்கள். எங்கள் உருளைக்கிழங்கு இலையை அதுதான் அரிக்கிறது. கண்ணால் கண்டேன்.

பதில்: சரியாகத்தான் கண்டீர்கள். உலகில் ஏறக்குறைய 6,000 வகைப் பொறிவண்டுகள் உண்டு. பெரும்பாலானவை வேட்டைக்காரர்கள். ஆனால் எந்தக் குடும்பத்திலும் ஒரு தறுதலை இருக்குமே. உங்கள் வயலில் இருப்பது 28 புள்ளி வண்டாக இருக்கும். உருளைக்கிழங்கு, கத்தரி, பாகல் எல்லாம் அதற்கு விருந்து. முதுகைப் பாருங்கள்: நல்லவனுடையது எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும், இதனுடையது மெல்லிய மயிரால் மங்கியிருக்கும். இதன் புழு மஞ்சள், கிளைவிட்ட முட்கள். இலையின் பச்சையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். காலையில் கையால் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): மகள் ஒன்றைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள். தொட்டால் மஞ்சள் நீர் விடுகிறது. விஷமா? புள்ளிக்கு ஒரு வயதா?

பதில்: கால் மூட்டிலிருந்து கசியும் அதன் இரத்தம் அது. கசப்பும் நாற்றமும் குருவியைத் துப்பவைக்கத்தான். கையைக் கழுவினால் போதும். புள்ளிக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. சாயந்தரத்துக்குள் விட்டுவிடச் சொல்லுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): தேயிலையில் இவற்றுக்கு வேலை உண்டா?

பதில்: உண்டு. கவ்வாத்துக்குப் பின் துளிர்க்கும் இளங்கொழுந்தில் அழுக்கணவன் ஏறும்போது இவையும் வரும். குண்டூசித் தலை அளவுள்ள கறுப்புப் பொறிவண்டுகள் சிலந்திப்பேனையும் தின்னும்.

தேயிலையில் பெரிய பாடம் சொன்னது வேறொரு பூச்சி. இலை சுருட்டும் புழுவை அடக்க 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். (குளவி என்றதும் கொழுந்து பறிப்பவர்கள் முகம் மாறும். இது மலையில் கொட்டுகிற குளவியல்ல, கொசு மாதிரி மெல்லியது.) புழு அடங்கியது. பிறகு 1950களில், தேயிலைக் கிளையைத் துளைக்கும் துளைவண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தை அடித்தார்கள். குளவி செத்தது, அடங்கிக்கிடந்த புழு மறுபடி பெருகியது.

கேள்வி (ஹட்டன்): லயத்துக்குப் பின்னால் உள்ள தோடை மரத்தில் பொறிவண்டு வந்தும் அழுக்கணவன் குறையவில்லையே?

பதில்: அடிமரத்தில் எறும்பு வரிசை ஏறுகிறதா? அழுக்கணவன் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதை ஆடுமாடுபோல் மேய்த்து, பொறிவண்டைக் கடித்து விரட்டும். அடிமரத்தைச் சுற்றித் துணி கட்டி, துணிமேல் கிரீஸ் தடவுங்கள். வேலியைத் தொடும் கிளைகளையும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வழியாக ஏறும்.