ஆற்றுக் கப்பலில் சாப்பாடு, கேபின், பொழுது: கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பாவின் ரைன், டான்யூப் ஆறுகளில் ஓடும் சுற்றுலாக் கப்பல்களில் நினைத்த நேரத்துக்குப் போய்ச் சாப்பிடலாமா?

பதில்: முடியாது. வழியிலுள்ள பல லாக்குகளின் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்திவிடும் கதவு வைத்த தொட்டிகள்) அகலம் 12 மீட்டர். அதனால் கப்பலின் அகலம் சுமார் 11.4 மீட்டரோடு நின்றுவிடுகிறது. நீளமும் 135 மீட்டரைத் தாண்டுவதில்லை. அதற்குள் பெரும்பாலும் ஒரே டைனிங் ஹால்தான். காலையில் பஃபே, இரவுச் சாப்பாடு 7 மணி வாக்கில் எல்லோருக்கும் ஒன்றாகத் தொடங்கும். முக்கால் மணி நேரம் கழித்து வந்தால் மற்றவர்கள் இனிப்பில் இருப்பார்கள். இடம் ஒதுக்குவது அரிது, வந்தவர் உட்காரலாம். ஆனால் இருவர் மேசை சிலவே, ஆறு எட்டுப் பேர் மேசைகள்தான் அதிகம். தனியாகச் சாப்பிட விரும்பினால் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள்.

கேள்வி: நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

பதில்: கிடையாது, ஆனால் புக்கிங்கின்போதே எழுதிக் கொடுங்கள். சமையலறை சின்னது, கடைசி நேரத்தில் புதிதாக ஒன்றைச் செய்ய அங்கே இடமும் இல்லை, சரக்கும் இல்லை. முதல் நாள் மாலையே டைனிங் ஹால் மேனேஜரைப் பாருங்கள். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம். காய்கறி சூப்பின் அடியில் கோழி எலும்புச் சாறு இருக்கலாம், புடிங்கில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) இருக்கலாம். இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் மெனுவை முந்தின இரவே பார்த்துச் சொல்லிவைத்தால் சமையல்காரருக்கும் வேலை சுலபம்.

கேள்வி: கடல் குமட்டல் மாத்திரை?

பதில்: தேவைப்படாது. ஆற்றில் பெரிய அலை ஏது!

கேள்வி: எந்தத் தளத்தில் கேபின் எடுப்பது?

பதில்: கீழ்த்தளம் மலிவு. ஜன்னல் சிறியது, உயரத்தில் இருக்கும், திறக்காது. தண்ணீர் அதற்குச் சற்றுக் கீழேயே ஓடும். பல கப்பல்களில் லிஃப்ட் அங்கே வராது, மொட்டைத் தளத்துக்கும் போகாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நடுத்தளம் எடுக்கலாம். 'பிரெஞ்சு பால்கனி' என்பது கதவும் கம்பியும்தான், நிற்க இடமிருக்காது. அதற்கு அதிகம் கொடுக்குமுன் யோசியுங்கள்: துறையில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்கள், அப்போது உங்கள் கண்ணாடிக்கு எதிரே பக்கத்துக் கப்பல்காரரின் படுக்கைதான் தெரியும். பின்கோடி கேபினில் இன்ஜின் அதிர்வு வரும். லாக்குக்குள் நுழையும்போது சுவர் கை எட்டும் தூரத்துக்கு வந்து அறை இருண்டுவிடும். நடு ராத்திரியில் 'டம்' என்று இடித்தாலும் பயப்பட வேண்டாம்.

கேள்வி: மொட்டைத் தளத்தை மூடிவிடுவார்களாமே?

பதில்: ஆமாம். மைன்-டான்யூப் கால்வாயில் (ரைன் பக்கத்தையும் டான்யூபையும் இணைப்பது) பாலங்கள் தாழ்வு. கைப்பிடிக் கம்பி, நிழற்பந்தல் எல்லாவற்றையும் மடக்கி, மாலுமி அறையையே கீழே இறக்குவார்கள்.

கேள்வி: தண்ணீர் குறைந்தால் பயணம் ரத்தா?

பதில்: பெரும்பாலும் ரத்தாகாது, உருமாறும். ரைனில் கௌப் என்ற ஊர்ப் பக்கமும், டான்யூபில் ஷ்ட்ராவ்பிங் - ஃபில்ஸ்ஹோஃபன் பகுதியும் ஆழம் குறைந்தவை. கோடைக் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் சிக்கல் அதிகம். வெள்ளம் வந்தால் இதற்கு நேர்மாறு, பாலத்தடியில் நுழைய முடியாது. இரண்டிலும் பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏறி, தடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் வேறு கப்பலுக்கு மாற வேண்டிவரும். பணம் திரும்பக் கிடைக்குமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பணம் கட்டுமுன் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

கேள்வி: இரவில் என்ன பொழுதுபோக்கு?

பதில்: லவுஞ்சில் ஒரு பியானோக்காரர், மறுநாள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு. பத்தரைக்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். கேசினோ, நாடக அரங்கம் எதிர்பார்த்தால் கடல் கப்பலுக்கே போங்கள்.

கேள்வி: ஊர் சுற்றப் போய்த் தாமதமானால்?

பதில்: இறங்கும்போது வரவேற்பில் தரும் அட்டையில் கப்பலின் தொலைபேசி எண் இருக்கும், உடனே கூப்பிடுங்கள். லாக்கில் நுழைய முறை வந்துவிட்டால் கப்பல் காத்திருக்காது, அடுத்த துறைக்கு உங்கள் செலவில் ரயில்தான்.