டிவியில் படம் வருகிறது, மானிட்டரில் வரவில்லை

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன் சார். 14 இன்ச் லேப்டாப்பில் இலைக் கணக்கையும் டேலியையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண் வலிக்கிறது என்று, கோயம்புத்தூரில் ஒரு பழைய ஆபீஸ் மானிட்டர் வாங்கி வந்தேன். அதில் கேபிள் சொருக டிஸ்ப்ளேபோர்ட், விஜிஏ என்ற இரண்டு போர்ட்டுகள்தான் இருக்கின்றன. லேப்டாப்பில் ஹெச்டிஎம்ஐயும் ஒரு டைப்-சியும். ஒரு முனை ஹெச்டிஎம்ஐ, மறுமுனை டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கேபிள் வாங்கிப் போட்டால் மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்கிறது, லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவரை அழித்து மறுபடி போட்டும் பார்த்தேன். வீட்டு டிவியில் வேறு கேபிள் போட்டால் மட்டும் படம் வருகிறது. கடையில் கேட்டால் விண்டோஸை ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணலாமா?

பதில்: பண்ணாதீர்கள். வருஷக்கணக்கான கணக்கு இருக்கிற லேப்டாப்பை இதற்காக அழிப்பது அநியாயம். டிவியில் படம் வருகிறது என்ற ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. உங்கள் ஹெச்டிஎம்ஐ போர்ட் நன்றாக இருக்கிறது, கிராஃபிக்ஸ் டிரைவரும் வேலை செய்கிறது. அப்படியானால் மீதி இருப்பது கேபிளும் மானிட்டரும்தான், எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்.

அந்தக் கேபிள் ஒருவழிப் பாதை. சீசன் நேரத்தில் வண்டிகளைக் குன்னூர் வழியாக மேலே ஏற்றி உங்கள் ஊர் வழியாகக் கீழே இறக்குவார்களே, அதே மாதிரிதான். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற இந்த ரகக் கேபிளில், கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் திரைப் பக்கம் ஹெச்டிஎம்ஐயும் இருக்க வேண்டும். பெரும்பாலான கம்ப்யூட்டர்களின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு ஹெச்டிஎம்ஐ மாதிரி சிக்னல் கொடுக்கவும் தெரியும், அதனால் அந்தத் திசையில் ஓடிவிடும். ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல் கொடுக்கத் தெரியாது, நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு சிப் வேண்டும். உங்கள் கேபிளில் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு முனையும் கச்சிதமாகப் பொருந்திவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை, பழைய ஆபீஸ் மானிட்டர் வாங்குகிறவர்கள் பலர் மாட்டுவது இங்கேதான்.

மூன்று வழி இருக்கிறது. செலவு குறைவானது ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுகிற சின்ன கன்வெர்ட்டர். இதிலும் திசை உண்டு, ‘விஜிஏ டு ஹெச்டிஎம்ஐ’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள், சிப் இல்லாத வெறும் கேபிளும் வேண்டாம். 1920 x 1080 வரை தாராளமாக வரும், எழுத்து லேசாக மங்கினால் மானிட்டரில் ஆட்டோ அட்ஜஸ்ட் பட்டனை அழுத்துங்கள். இதைவிடப் படம் தெளிவாக வருவது டைப்-சியிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகிற கேபிளில், நானாக இருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் எல்லா டைப்-சியிலும் படம் வராது. சார்ஜ் ஏறுகிறது, பென்டிரைவ் எடுக்கிறது என்பதை வைத்து முடிவு பண்ண முடியாது. போர்ட் பக்கத்தில் டிபி (டிஸ்ப்ளேபோர்ட்) சின்னமோ மின்னல் சின்னத்தோடு தண்டர்போல்ட் என்றோ இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு கம்பெனி தளத்தில் ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ (டைப்-சி வழியாகப் படம் அனுப்பும் வசதி) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மூன்றாவது, ஹெச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றுகிற சிப் உள்ள அடாப்டர். யுஎஸ்பியில் கரண்ட் எடுத்துக்கொள்ளும், விலை கொஞ்சம் கூட.

புதுக் கேபிள் வந்ததும் மானிட்டர் மெனுவில் இன்புட்டைச் சரியாக மாற்றுங்கள். அப்புறம் விண்டோஸ் கீயோடு பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுங்கள், கணக்கு ஒரு திரையிலும் டேலி இன்னொன்றிலும் நிற்கும். அப்போதும் வராவிட்டால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘டிடெக்ட்’ கொடுங்கள். மானிட்டருக்குள் அதன் மாடல், ரெசல்யூஷன் விவரங்களை வைத்திருக்கிற ஒரு சின்ன மெமரி உண்டு, லேப்டாப் முதலில் படிப்பது அதைத்தான். செட்டிங்ஸில் இரண்டாவது திரைக்கான கட்டம் தெரிந்தும் படம் இல்லையென்றால் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். கட்டமே வரவில்லையென்றால் இன்னும் கேபிள், போர்ட் பக்கம்தான் தேட வேண்டும்.

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மானிட்டர், ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்த பிறகு லேப்டாப்பில் தெரியவில்லை. மானிட்டரைத் தொட்டால் கை லேசாகச் சுர்ரென்கிறது.

பதில்: அந்தச் சுர்ரைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எர்த் சரியில்லாத பிளக்கில் போட்டிருக்கலாம், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கும் வரை ஹெச்டிஎம்ஐயைச் சொருகாதீர்கள், உங்கள் கைக்கும் ஆபத்து, போர்ட்டும் போய்விடும். அது சரியான பிறகு மானிட்டர் பிளக்கைப் பிடுங்கி, அதன் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடுங்கள். லேப்டாப்பை ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி ஷட் டவுன் செய்தால்தான் முழுதாக அணையும். மூடுபனி நாளில் பையில் சில்லென்று வந்த லேப்டாப்பைச் சூடான அறையில் உடனே ஆன் பண்ண வேண்டாம், உள்ளே நீர் கோத்திருக்கும். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைக்காமல், அதுவாகவே அறைச் சூட்டுக்கு வர விடுங்கள். கேபிள் முனை பச்சை பூத்திருந்தால் சுரண்டாதீர்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.