நார்மர் தட்டில் எந்தப் பக்கம் எந்தக் கிரீடம்?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்கு என் மகள் பழைய எகிப்தின் அரசன் நார்மருடைய செதுக்கிய கல்தட்டைச் செய்கிறாள். அரசனுக்கு இரட்டைக் கிரீடம் வைக்கலாமா? எதில், எந்த அளவில் செய்வது?
(வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: வைக்காதீர்கள் அம்மா. கி.மு. 3100 வாக்கில் செதுக்கிய இந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு கிரீடம்தான். சுரைக்காய்போல் உயர்ந்திருப்பது தென்னாட்டு வெள்ளைக் கிரீடம். பின்புறம் நிமிர்ந்து, முன்னே சுருள் நீள்வது வடநாட்டுச் சிவப்புக் கிரீடம். இரண்டும் ஒரே தலையில் ஏறியது பிறகுதான்.

வெள்ளைக் கிரீடப் பக்கத்தில் அரசன் எதிரியின் முடியைப் பிடித்துக் கதாயுதத்தை ஓங்குகிறான். எதிரே ஆறு பாப்பிரஸ் (எகிப்தியக் கோரை) தண்டுகள்மேல் ஒரு வல்லூறு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பூட்டியதுபோல், தண்டுகள் முளைத்த நிலத்துக்கு இருக்கும் மனிதத் தலையையே அது மூக்கில் கயிறிட்டுப் பிடித்திருக்கிறது. எத்தனை அழகான குறியீடு! மறுபக்கத்தில் இரு விலங்குகளின் நீண்ட கழுத்துகள் பின்னி ஒரு வட்டக் குழியைச் சுற்றும். கண் மை அரைக்கும் இடம் அது. அதை விட்டால் வெறும் பலகைதான். அடியில் கோட்டையை முட்டி உடைக்கும் காளையும் அரசனே. அவன் இடுப்பில் காளை வால் தொங்குவதைத் தவறவிடாதீர்கள். இரு பக்க உச்சியிலும் பசுக்காது முகங்களுக்கு நடுவே கெளுத்தி மீனும் உளியும்: அதுதான் அவன் பெயர்.

அரசனின் செருப்பை ஏந்தி நிற்கும் பணியாளைக் குட்டையாகவே வரையுங்கள். நம் வீட்டு நிலைக்கு மேல் கஜலட்சுமி யானைகளைவிடப் பெரிதாக இருப்பாளே, அந்தக் கணக்குதான்: முக்கியமானவர் பெரிதாக இருப்பார்.

அசல் சுமார் 64 செ.மீ. உயரம். பாதி அளவு, 32க்கு 21 செ.மீ., போதும். கனம் 2 செ.மீ. வையுங்கள், அசல் விகிதப்படி மெலிந்தால் தூக்கும்போதே முறியும். கேடய வடிவில் களிமண் வரப்பு கட்டி, 700 மி.லி. தண்ணீரில் கறுப்பும் கொஞ்சம் பச்சையும் கலந்த சாயப்பொடியைக் கரைத்து, 1 கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மேலிருந்து தூவிக் கலக்கி ஊற்றுங்கள். பொடியில் தண்ணீர் விட்டால் கட்டி தட்டும். மேலே பூசிய சாயமோ கீறினால் வெளுக்கும். இறுகியபின், ஈரம் இருக்கும்போதே கார்பன் தாளால் படத்தைப் பதித்து, உருவங்களைச் சுற்றி 2 மி.மீ. ஆழம் சுரண்டுங்கள். நன்றாகக் காய்ந்துவிட்டால் ஓரம் பெயரும்.

கேள்வி: இதில் உண்மையிலேயே மை அரைத்தார்களா?
(வாசகர், தேவகோட்டை)

பதில்: பச்சைத் தாதுக்கல்லை அரைத்த சிறு தட்டுகள் அக்காலக் கல்லறைகளில் நிறையக் கிடைத்துள்ளன. இதுவோ இரு பக்கமும் செதுக்கிய பெரிய தட்டு. 1897-98இல் தென் எகிப்தின் பழைய நகரான ஹீரக்கோன்போலிஸின் கோயில் வளாகத்தில் கிடைத்தது. வீட்டில் புழங்கியதாக இருக்காது, கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை என்றே கொள்ளலாம்.